மோவாய்க் குழி

கோயில் சுவரில் முத்துமாலையம்மன் கண்ணில்லாமல் நின்றாள். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. கண்ணை மட்டும் கொடைத் திருவிழா அன்று காலையில், ஊர் கூடி நிற்கும்போதுதான் வரைய வேண்டும். அதுவரை அது சுவர். அதன் பிறகே சாமி. ஜெயகணேஷ் விரதமிருந்து, தலையில் ஈரம் காயாமல், கையில் பிரஷ்ஷோடு நின்றான்.

அது யார் முகம் என்று இன்றுதான் தெரிந்தது என்று அவன் சொல்லிக்கொள்ள முடியாது. மூக்கை வரைந்தபோதே தெரிந்துவிட்டது. துறைமுகத்துப் பக்கம் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கும் சந்தனச்செல்வியின் மூக்கு அது. மோவாய்க் குழியும் அவளுடையதுதான். படகுகளுக்குப் பெயர் எழுதுவது அவன் தொழில். லிட்டர் கணக்கில் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். அவன் நூறு மில்லி டப்பாவாக வாங்கினான். அப்போதுதான் மறுநாளும் போகலாம். மூன்று வருடத்தில் அவளிடம் கலர் நம்பரைத் தவிர எதுவும் பேசியதில்லை. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து ஓவியன் ஒருவனைப் பற்றிப் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். ராணி, தேவதை என்று யாரை வரைந்தாலும் ஒரே முகம். அடுத்தவன் மனைவியின் முகம். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று சிரித்தான். பிறகு அந்த முகத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று காலையில் சுவரை மறைத்திருந்த திரையை விலக்கியதும் பெண்கள் சிரித்தார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தான். ஆனால் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் திரும்பியது அவன் மனைவியின் பக்கம்.

"ஏளா பொன்செல்வி, மூக்கு அப்பிடியே ஒன்னுதுல்லா. ஒம் புருசன் ஒன்னைய சாமியாக்கிப்புட்டான். இனி வீட்டுல எப்பிடிளா வைவான்?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் பொன்செல்வியிடம் அப்படி ஒரு வெட்கத்தை அவன் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்தபடியே தன் மோவாயைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாடியில குழி எனக்கு எங்கன இருக்கு? அழகுக்கு வச்சிட்டியளாக்கும். கண்ணையாவது சாமி கண்ணா வையுங்க. எல்லாரும் கும்புடுத எடம்."

அவன் திரும்பிக்கொண்டான். கூட்டத்தின் ஓரத்தில், புருஷனுக்குப் பக்கத்தில் சந்தனச்செல்வி நின்றாள். ஒரே ஒருமுறைதான் அம்மனைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மோவாயை மறைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டாள். எத்தனை நாள் அந்த முகத்தை நினைத்திருப்பான். அதை அவள் ஒளித்துக்கொள்ள வேண்டிவரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஏலே, நேரமாவுது. கண்ணத் தொற" என்றார் கோயில் தலைவர் மகாராஜா அண்ணாச்சி. குலவை எழுந்தது.

ஏணியில் ஏறினான். சந்தனச்செல்வியின் கண்களை அவனால் இருட்டிலும் வரைய முடியும். வரைந்தால் ஊரே தூணுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும். பொன்செல்வியின் கண்களை வரைந்துவிடலாம். அவள் கண் எப்படி இருக்கும்? இமை கனமா? ஓரம் மேலேறியிருக்குமா? ஒன்பது வருடம் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று ஏணியிலிருந்தபடியே திரும்பினான். கூட்டத்துக்கு முன்னால் பொன்செல்வி நின்றாள். கை கூப்பி, கண்களை இறுக மூடியிருந்தாள்.

பிரஷ் நுனியில் கறுப்பு திரண்டு தொங்கியது.