பதினொன்றரை அங்குலம்

வெர்னா படகின் தரையில் குப்புறப் படுத்து, பேட்டரிக் குழிக்குள் அளவு நாடாவை விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள் கிர்ஸ்டன்.

"அம்மா, அப்பா கேக்கறாரு. அளந்தாச்சான்னு."

"அளந்துக்கிட்டுதான் இருக்கேன். என்னைக் கொஞ்சம் மூச்சு விட விடச் சொல்லு."

மேட்டு வீட்டில் ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு இப்படியா சொல்லியனுப்புவது என்று பிறகுதான் உறைத்தது. நாடாவைச் சுருட்டினாள். அது கையில் நிற்காமல் இரண்டு தரம் நழுவியது. அனகோர்ட்டஸ் படகுத்துறையில் காலையிலிருந்து தெற்குக் காற்று. பக்கத்துப் பாய்ப்படகுகளின் கயிறுகள் கம்பத்தில் டங் டங்கென்று அடித்துக்கொண்டே இருந்தன. அவள் கணவர் ஆர்னுக்கு அந்தச் சத்தம் ஆகாது. கயிற்றை இழுத்துக் கட்டத் தெரியாதவனுக்குப் படகு எதற்கு என்பார்.

காலையில் வந்த நர்ஸ் வெர்னாவைச் சமையலறைக்குத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள்: இன்றைக்கு, மிஞ்சினால் நாளைக்கு. வெர்னா கூடத்துக்குத் திரும்பியபோது, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஆர்ன் கேட்டது வலி மருந்தும் இல்லை, பாதிரியாரும் இல்லை. பேட்டரிக் கடையின் விலைப்பட்டியலைக் கேட்டார், படகிலுள்ள குழியை அளந்து வரச் சொன்னார்.

என்ஜினைக் கிளப்பும் பேட்டரி தனி, அது நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போனவை விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் ரேடியோவுக்குமான நான்கு. ஆகஸ்டில் தீவுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டிருந்தபோது ஒரு ராத்திரிகூடத் தாக்குப்பிடிக்காமல் படுத்துவிட்டன. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே ஆர்னும் படுத்துவிட்டார்.

இனி அந்தப் படகில் கால் வைக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. போன வாரம் வெர்னாவும் கிர்ஸ்டனும் சேர்ந்து படகை பெல்லிங்ஹாமில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வெர்னா வேறு என்ன செய்வாள்? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தரம்கூட அவள் அதைக் கரைக்கு ஓட்டி வந்து நிறுத்தியதில்லை. கயிறு வீசுவாள், காபி போடுவாள். அவர் குழிக்குள் தலையை விட்டுப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது டார்ச் பிடிப்பாள். அதிலும் நல்ல பெயர் கிடையாது. "எனக்கு என் கை தெரியணும் வெர்னா, உன் கால் இல்ல" என்பார்.

அவள் மேடேறி வீட்டுக்குள் நுழைந்தபோது ஆர்ன் போர்வையை உதறித் தள்ளிவிட்டு, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். கிர்ஸ்டன் அதைத் தூக்கி உள்ளே வைப்பதும், அவர் மறுபடி வெளியே போடுவதுமாகக் காலையிலிருந்து இதே கதைதான். விரல்கள் விரிப்பின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. கடைசியில் இப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வெர்னாவுக்கும் உட்காரப் பிடிக்கவில்லை. நின்றபடியே நீளத்தையும் அகலத்தையும் வாசித்தாள்.

"பழைய மாதிரியே நாலு வாங்கிடலாமே," என்றாள். வாங்கவே போகாத பேட்டரி எதுவாக இருந்தால் என்ன, இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"லித்தியம் வாங்கு."

மருந்து மயக்கம் என்றுதான் நினைத்தாள். ஈயமும் அமிலமும் தவிர வேறெதையும் ஆர்ன் பேட்டரி என்றே ஒத்துக்கொண்டதில்லை. அடுத்த படகுக்கார விங்கோ லித்தியம் வாங்கிப் போட்டபோது, நேரில் போய்ச் சிரித்துவிட்டு வந்தவர்.

"அது போனுக்குப் போடற சாமான்னு நீதானே சொன்னே? விங்கோ ஒரு வாரம் நம்மகிட்ட பேசவே இல்ல."

"சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பழசு ஒண்ணு அறுபத்திரண்டு பவுண்டு. இது இருபத்தி நாலு."

"இப்போ கனத்தைப் பத்தி என்ன?"

ஆர்ன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து துறை தெரியும்.

"விங்கோவுக்கு முதுகு சரியில்ல, அவனைக் கூப்பிடாதே. இருபத்தி நாலுன்னா நீயே தூக்கிடுவே. தண்ணி ஊத்தற வேலை கிடையாது. டார்ச் பிடிக்க ஆளும் வேணாம்."

கிர்ஸ்டன் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். படகை விற்றதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வெர்னா வாயைத் திறந்தாள்.

"உயரம்?" என்றார் ஆர்ன்.

அவள் உயரத்தை அளக்கவில்லை. விங்கோவும் இதைத்தான் செய்தார். நீளமும் அகலமும் பார்த்து வாங்கிவிட்டு, மேலே துருத்தும் முனைகளை மறந்துபோனார். அன்றிலிருந்து அவர் படகில் தரைப்பலகை ஓர் அங்குலம் எழும்பியே நிற்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் தடுக்கி விழுகிறார்கள்.

"அப்புறம் போறேன் ஆர்ன்."

"இப்பவே போ. மூடி உக்காரலைன்னா தடுக்கி விழுவே. கறுப்பு வயரை முதல்ல கழட்டு."

அவள் போனாள். சொல்லாமல் தப்பித்தோமே என்று மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. பின்னாளில் அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது.

வற்றத்தில் கடல் இறங்கி, மிதவைத் துறையும் கூடவே தாழ்ந்திருந்தது. துறைக்கு இறங்கும் பலகைப் பாலம் ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினாள். குழியைத் திறந்து கறுப்பு வயரைக் கழற்றினாள், பிறகு சிவப்பு. எந்த ஸ்பானர் என்று தேட வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் டார்ச் பிடித்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரியும் என்பதுதான் அவளுக்கு இதுவரை தெரியவில்லை. ஒரு பேட்டரியின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு மூலை மட்டும் எழும்பி, பொத்தென்று உட்கார்ந்தது. இன்னொரு தரம் இழுத்தாள். அசையவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அவரைக் கேட்காமல் இவள் விற்றாள் என்றால், இவளைக் கேட்காமல் அவர் இவளை மாலுமி ஆக்கிவிட்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழியின் அடியிலிருந்து மூடிவரை அளந்தாள். காகிதம் இல்லை. இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வயர்களை மறுபடி மாட்டினாள்.

பாலத்தில் ஏறும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். வித்துட்டேன் ஆர்ன். இல்ல, விக்கல. விக்கறதா இருந்தேன். எதை முதலில் சொன்னாலும் சரியாக வரவில்லை. கடைசியில், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்து, மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

கிர்ஸ்டன் வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"காலை எடுத்து உள்ள வெச்சேன்மா," என்றாள். "மறுபடி வெளிய போடல."

வெர்னா உள்ளே போய்க் கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் அதில் உட்கார்ந்தது அப்போதுதான். விரல்கள் விரிப்பின் மேல் சும்மா கிடந்தன. அவற்றைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"பதினொண்ணரை," என்று அவரிடம் சொன்னாள்.

நர்ஸ் வந்து நேரம் குறித்தாள். இரண்டு பேர் வந்து அவரை எடுத்துப் போனார்கள். விங்கோ அடுப்பில் வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் நின்றார். எல்லோருக்கும் காபி கொடுத்த பிறகு வெர்னா போனை எடுத்தாள். எதிர்முனையில் படகுச் சாமான் கடைக்காரர். லித்தியம் என்றாள். விங்கோ தலை நிமிர்ந்தார். கடைக்காரர் அளவு கேட்டார். உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்து வாசித்தாள்.

பாலத்தில் தூக்கிக்கொண்டு இறங்க ஆள் அனுப்பட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

"வேணாம். அவ்வளவு கனமில்ல," என்றாள் வெர்னா.

அவள் போனை வைத்ததும் கிர்ஸ்டன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "சனிக்கிழமை அந்த வாத்தியார் வர்றாரேம்மா?"

"வர வேணாம்னு சொல்லிடு."

மேஜையிலிருந்த கோப்பைகளைத் திரட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். நான் கழுவறேனே என்று கிர்ஸ்டன் வந்து நின்றாள். வெர்னா நகரவில்லை. இடது கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒவ்வொரு கோப்பையாகக் கழுவி வைத்தாள்.