விஷயத்துக்கு வரும் வழி

கடமலைக்குண்டுக்காரி முனீஸ்வரிக்குத் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அயர்லாந்து வேலைக்கு நேர்காணல் வருகிறது என்று ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தாள். வார்த்தைகளுக்குக் குறைவில்லை. அவற்றை அடுக்கும் விதம்தான் பிடிபடவில்லை.

முதலில் விஷயம், காரணம் பிறகு என்பதுதான் பயிற்சியாளர் சாலமனின் பாடம். பக்கத்தில் உட்காரும் ஜெஸ்லினுக்கு அது லேசாக வந்தது. சிறுவயதிலிருந்தே மாதா கோயிலில் மன்றாட்டு ஜெபம் வாசித்தவள். யாருக்காக, என்ன வேண்டும் என்று முதல் மூச்சிலேயே கேட்டுப் பழகியவள். முனீஸ்வரியின் தெருவிலோ கடப்பாரை இரவல் கேட்கப் போனால்கூட மழை, மாடு, மகள் பிரசவம் எல்லாம் விசாரித்து, எழுந்து கிளம்பும்போதுதான் கடப்பாரை வாயில் வரும்.

நேர்காணலன்று திரையில் நரைத்த தலையுடன் ஒரு அம்மாள். மறக்க முடியாத நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். முனீஸ்வரி வருசநாட்டு மலையிலிருந்து தொடங்கினாள். மேகம் இறங்கி ரோட்டை மூடியது, பஸ் ஊர்ந்து வந்தது, அதில் கண்ணில் கட்டோடு ஒரு கிழவர் வந்தது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"கையைப் பிடித்துக்கொண்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால்."

விஷயம் முன்னால், காரணம் பின்னால். பேசியது வேறு யாரோ போலிருந்தது.

மூன்றாம் வாரம் வேலை உத்தரவு வந்தது. அன்றே ஊருக்குப் பஸ் ஏறினாள். அம்மா ராக்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் முனீஸ்வரி சொன்னாள்: "அம்மா, அயர்லாந்துல வேலை கெடச்சிருச்சு. ரெண்டு மாசத்துல போறேன்."

ராக்கம்மாளின் கை நின்றது.

"நின்ன வாக்குல சொல்றியே ஆத்தா. எழவு சொல்ல வர்றவுகதான் இப்பிடிச் சொல்லுவாக."

முனீஸ்வரி பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் கூட்டம் என்றாள். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது என்றாள் அம்மா. மலைப்பக்கம் வெயில் மங்கி, மேகம் புகைபோல இறங்கியது. பேச்சும் அதன் போக்கில் எங்கெங்கோ மிதந்தது.

கீரை தீர்ந்தபோது அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"அங்கன ரொம்பக் குளிருமோ?"

"ஆமாம்மா."

"கம்பளிச் சட்டை நல்லதா எங்கன கெடைக்கும்?"