ஞாயிற்றுக்கிழமை வீடு

“மாமா, எங்க வீட்டுக்குப் பட்டப்பேரு மாறிட்டு” என்று கிறிஸ்டி போனில் சொன்னபோது, ரெக்சன் வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு மேலே இருக்கும் ஆபீஸில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தான்.

“என்னம்மா சொல்லுத?”

“முன்னெல்லாம் வெள்ளைப்பாய் வீடும்பாங்கள்லா? இப்ப ஞாயித்துக்கிழமை வீடாம். ஸ்கூல்ல என்னையும் அப்படித்தான் கூப்பிடுதாவ.”

அக்கா மகள் அழவில்லை. மதிப்பெண் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கூடங்குளத்தைத் தாண்டிய அந்தக் கடற்கரை ஊரில் பட்டப்பெயர் லேசில் அழியாது. தாத்தா அடித்த கூத்துக்குப் பேரன் தன் கல்யாணத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை என்பதும் அங்கே அப்படித்தான், யாரும் எழுதி வைக்காத சட்டம். அக்கா ஜாய்சியின் புருஷன் பெனிட்டோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினான். சனிக்கிழமை போட்ட வலையை எடுக்க முடியாதபடி எஞ்சின் மக்கர் செய்திருந்தது. திங்கள்வரை விட்டால் வலையில் கிடக்கிற மீன் நாறிப் போகும். போய் எடுத்துவிட்டு இரண்டாம் பூசைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. மறுநாள்தான் உடல் ஒதுங்கியது. பூசை நேரத்தில் கடலில் கால் வைத்தால் இதுதான் கதி என்று ஊர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதி முடித்துவிட்டது.

அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தவன் ஊரிலேயே ஒருத்தன்தான். ரெக்சன்.

கடற்கரை ஊர்களின் படகுகளைப் பதிந்து வைத்திருக்கும் மென்பொருளை அவன் ஆபீஸ்தான் பார்த்துக்கொண்டது. உலகத்தில் யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்த பதிவேட்டு நிரல். வானிலைக்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தால், எந்த ஊர், எந்தப் படகு, எந்த போன் என்று பார்த்து அது பிரித்து அனுப்பும். வருவதற்கும் போவதற்கும் நடுவே சேதியைப் பிடித்து நிறுத்த ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு சின்ன நிரலைச் சொருகினால் சேதியை மாற்றலாம், தாமதிக்கலாம், தடுக்கலாம். கரையில் வலைக்காரனுக்கும் வியாபாரிக்கும் நடுவில் நிற்கும் தரகனைப் போல. ரெக்சன் அங்கே உட்கார்ந்து இங்கிலீஷ் எச்சரிக்கையை ஊர்த் தமிழாக்கினான். சிவப்பு எச்சரிக்கை வந்தால் போன் சங்கு மாதிரி ஊதும்படி செய்தான். எல்லாரும் மெச்சினார்கள்.

கோவிலில் அது ஊதியபோதுதான் வம்பு. பெனிட்டோவே போன் போட்டுச் சிரித்தான்: “ஏ மாப்ள, ஒஞ் சாமான் நடுப்பூசையில கத்துது வே! கோயிலு பூராவும் ஒரே ஊளை. சாமியாரு என்னயப் பாக்காரு, நான் மாதாவப் பாக்கேன்.”

ரெக்சனும் சிரித்தான். அன்றே ஒரு விதி சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமை வரும் எச்சரிக்கையைப் பிடித்து வைத்து, சாயங்காலம் சாதாரணச் சேதியாக மாற்றி அனுப்பு. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கடலில் யார் இருப்பார்? சென்னைக்காரன் எழுதியிருந்தால் அந்த விதியே தோன்றியிருக்காது. ஊரை நன்றாகத் தெரிந்தவன் எழுதியதால்தான் தோன்றியது.

அடக்கம் முடிந்து வந்ததும் முதல் வேலையாக விதியை அழித்தான். முதலாளி பாக்கியசீலன் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னான். அவர் கதவைச் சாத்தினார்.

“எடுத்தாச்சுல்லா? பெறவு என்னத்துக்குலே தவிச்சிட்டுக் கெடக்க? போனவன் வரவா போறான்? கமுக்கமா இரு. ஒன் ஒருத்தன் வாய்க்காவ நாங்கள்லாம் ஆபீஸப் பூட்டிட்டு மாடு மேய்க்கவா?”

கமுக்கமாகத்தான் இருந்தான். கிறிஸ்டியின் போன் வரும்வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனான். ஜாய்சி வாசலை ஒருக்களித்துச் சாத்தி, உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போகவில்லை.

“பின் பெஞ்சில உக்காந்தாலும் திரும்பித் திரும்பிப் பாக்காளுவ. நீ சாப்டியாடே?”

“அக்கா, அன்னைக்கு அத்தான் போன்ல காத்து சேதி வந்துச்சா?”

“வந்துச்சே, சாயங்காலம். எல்லாரும் கரையில தேடிட்டு நிக்காவ, இது டிங்குன்னுது. காத்து பலமா இருக்கும், போவாதீங்கன்னு. செத்த பொறவு சேதி சொல்லுதானேன்னு வானிலைக்காரன மண்ண வாரித் தூத்துனேன்.”

“காலையிலயே வந்துட்டுக்கா. நாந்தான் நடுவுல பிடிச்சு வச்சேன்.”

அவள் கை உரித்துக்கொண்டேதான் இருந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். நடுப்பூசை, அத்தான் சிரித்தது, தான் எழுதிய விதி. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன வேலை என்பதுதான் அவனையே கூசவைத்தது.

“எப்ப வந்துச்சு?” என்றாள் ஜாய்சி.

“முதல் பூசைக்கு மணி அடிக்கதுக்கு முன்ன.”

வெங்காயம் கையிலிருந்து நழுவி உருண்டது.

“கோயில் கமிட்டிக்காரன் கூப்பிடுவான்னு போன எங்கிட்ட குடுத்துட்டுப் போனாருடே. மணியடிக்கும்போது அவரு கரையிலதான் நின்னாரு. படகு ஓரத்துல ஒக்காந்து பீடி குடிச்சிட்டு. நான் இந்த வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். போனு என் மடிக்குள்ள இருந்துச்சு.” அவள் கரைப் பக்கம் கையைக் காட்டினாள். “ஒரு சத்தம் போட்டா கேக்கும். இங்கனருந்து ஒரே சத்தம்.”

ரெக்சன் தலையைத் தூக்கவில்லை. அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான்.

வெளியே பூசை முடிந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. ஜாய்சி முந்தானையில் கையைத் துடைத்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள்.

“எங்கனக்கா கூப்பிடுத?”

“எங்கிட்ட சொன்னத அங்கன சொல்லு. எம்பிள்ள பேரு போவுது.”

“அவங்களுக்கு இது புரியாதுக்கா...”

“புரியுத மாதிரி சொல்லு. படிச்சிருக்கேல்லா.”

கதவை அகலத் திறந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. வெள்ளைச் சட்டையும் மல்லிகைப்பூவுமாகத் தெரு நிறைந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கறுப்புச் சேலையில் அவள் நடுத்தெருவில் போய் நின்றதும் முன்னால் வந்தவர்கள் நடை தயங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் முட்டிக்கொண்டார்கள். யாரோ குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ரெக்சன் வாயைத் திறந்தான். அக்காவின் விரல்கள் வெங்காய ஈரத்தோடு அவன் மணிக்கட்டை இறுக்கின, விடவே இல்லை.