பவுனு தோட்டத்தில் பெய்த மழை

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு பங்குனியில் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு, கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு பொய்கள் ஊர் ஊராகப் பரவின. திராட்சை முழுவதும் அழிந்துவிட்டது என்றும், புவி வெப்பமடைந்ததே அதற்குக் காரணம் என்றும், சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி ஒன்று மாலைச் செய்தியில் முழங்கியது. அதை மறுக்க வந்த நாளிதழ் ஒன்றோ, ‘வீண் பீதி வேண்டா’ என்று தலைப்பிட்டு, தளதளவென்று தளிர்த்து நின்ற பந்தல் ஒன்றின் படத்தை வெளியிட்டது. அது அண்மையில்தான் கொடி நறுக்கிக் கவாத்து வெட்டப்பட்ட பந்தல். அழுகுவதற்கு அதில் ஒரு பிஞ்சுகூட இல்லை என்பதைப் படம் பிடித்தவரும் பார்க்கவில்லை; அச்சிட்டவரும் கேட்கவில்லை.

இங்கே திராட்சைக்கு ஒற்றைப் பருவம் கிடையாது. ஒருவர் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது அடுத்தவர் தோட்டத்தில் பூ உதிரும். அதற்கடுத்த தோட்டத்தில் கொடிகளை வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் போக வேண்டும் என்பதற்காகத் தோட்டக்காரர்கள் முறை வைத்து வெட்டுகிறார்கள். ஆகவே, எந்த மழையும் எல்லாரையும் கெடுக்காது. எந்த மழையும் யாரையாவது கெடுக்காமல் விடாது. இதைக் கேட்டு எழுத அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம்தான் யாருக்கும் கிடைக்கவில்லை.

சுருளிப்பட்டிச் செல்லப்பாண்டிக்கு இந்தப் பொய்களுள் முதலாவதே வினையாயிற்று. தொலைக்காட்சியில், வெடித்து ஒழுகும் திராட்சைக் குலையைக் கையில் ஏந்தி அழுதவள் அவருடைய உடன்பிறந்த தங்கை பவுனு. அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். இருவருக்கும் பொதுவான கிணறு வரப்பில் இருந்தது. பவுனின் தோட்டத்தில் பழம் கனிந்து, பறிப்புக்குக் காத்திருந்த வேளையில் மழை பிடித்துக்கொண்டது. செல்லப்பாண்டியின் பந்தலிலோ காய் இன்னும் கல்லாகவே இருந்தது. மழைவிட்டதும் மருந்தடித்துக் காப்பாற்றிவிட்டார்.

காப்பாற்றி என்ன பயன்? ஆண்டுதோறும் அவருடைய சரக்கை வாங்கிக் குமுளி மலையேற்றிக் கொண்டுபோகும் கேரள வியாபாரி வர்கீஸ் தொலைபேசியில் அழைத்தார். “செல்லப்பாண்டியண்ணா, டிவியில எல்லாம் கண்டு. இனி அங்கன திராட்சை ஒண்ணும் இல்லல்லோ?” என்று துக்கம் விசாரிப்பவரைப்போலக் கேட்டார். தம் பந்தலில் காய் கிடக்கிறது என்று செல்லப்பாண்டி எடுத்துச்சொன்னதை, நம்பிக்கையிழந்தவரின் புலம்பலாகவே அவர் எடுத்துக்கொண்டார். பிற வியாபாரிகளும் வரவில்லை. தேநீர்க் கடையில் ஊர்க்காரர்கள் இருதரப்பாகப் பிரிந்து நின்று வாதாடினார்கள். உலகமே சூடேறிவிட்டது, இனிப் பருவம் தப்பித்தான் பெய்யும் என்றனர் ஒரு சாரார். எங்கள் அப்பன் காலத்திலும் பங்குனியில் பெய்தது, இது தொலைக்காட்சிக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி என்றனர் மறுசாரார்.

விவசாயிகள் சங்கத்தின் தலைவர் கர்ணனுக்கு இரண்டு வாதமும் வேண்டியதில்லை. “உலகம் சுட்டா என்ன, குளுந்தா என்ன? லாரி வரணும்” என்றார். பிறகு செல்லப்பாண்டியைப் பார்த்து, “ஒம்ம தங்கச்சி அழுத அழுகையில நம்ம சரக்கு பூராவும் நனைஞ்சுபோச்சுய்யா” என்றார்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்தச் செய்தியை அனுப்பிய தேனி நிருபர் ஜெபஷீலாவைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். அங்கே பவுனு எழுந்து, தான் நேரத்துக்கு மருந்தடிக்காமல் விட்டதாலேயே பழம் அழுகியது, மழைமீது குற்றமில்லை என்று ஒளிப்பதிவுக் கருவியின் முன் சொல்லிவிட வேண்டும். ஒரு தோட்டக்காரியின் சோம்பலாகச் செய்தி சுருங்கிவிடும், பள்ளத்தாக்கு பிழைத்துக்கொள்ளும். அதைத் தங்கையிடம் சொல்லிச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பு செல்லப்பாண்டியின் தலையில் விழுந்தது.

அவர் போனபோது பவுனு பந்தலின்கீழ் அழுகிய குலைகளை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். புளித்த வாடைக்குக் குளவிகள் மொய்த்தன. அவளுடைய கணவன் நல்லகண்ணு விடியுமுன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விடுபவன்; பந்தல் முழுவதும் அவள் பார்வையில்தான் வளர்ந்தது. தாழ்ந்த பந்தலுக்குள் குனிந்து நுழைந்த செல்லப்பாண்டி, கிணற்று மோட்டாரின் சத்தத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு தீர்ந்ததும் மறுபடியும் மோட்டாரைப் பற்றியே பேசினார்.

“ஏண்ணே, மோட்டாரப் பத்திப் பேசவா இம்புட்டுத் தூரம் குனிஞ்சு வந்தீக?” என்றாள் பவுனு.

அவர் தரையைப் பார்த்தபடி விவரத்தைச் சொன்னார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எண்ணிக் கோபத்துக்கு உரிய விடைகளையெல்லாம் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தார். அவள் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மருந்தடிக்கலைன்னு சொல்லணும், அம்புட்டுத்தானே? சொல்லிட்டாப் போச்சு. ஒங்க காயாவது விலை போகட்டும்.” சற்றே யோசித்தாள். “எந்த மருந்துன்னு அந்தப் பிள்ள கேட்டா எதச் சொல்லட்டும்ணே? எல்லாத்தையும்தான் அடிச்சேனே.”

அவர் பந்தலைவிட்டு வெளியே வந்தார். வரப்பேறித் தம் தோட்டத்தைப் பார்த்தார். உருண்டு திரண்டு கிடந்த அந்தக் காய்களைப் பார்க்க அன்று அவருக்குக் கூசியது.

அதற்குக் காரணம் உண்டு. கவாத்து வெட்டும் ஆட்கள் ஒரே கூட்டம். ஒரு தோட்டத்தை முடித்து, இடைவெளிவிட்டுத்தான் அடுத்ததற்கு வருவார்கள். முந்தி வெட்டுபவருக்கு முந்திப் பழம், முந்திய விலை. எனவே அண்ணனும் தங்கையும் ஒரு வெட்டுக்கு ஒருவர் என்று முறை மாற்றிக்கொண்டு வந்தனர். சென்ற கார்த்திகையில் முந்தும் முறை செல்லப்பாண்டியுடையது. ஆனால் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்ததால் வேலை பார்க்க முடியாது என்று, பவுனை முந்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். விட்டுக்கொடுத்ததற்காக அவளும் ஊரெல்லாம் அண்ணனைப் புகழ்ந்தாள். மழைக்குப் பின் அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் முற்பகலில் கூடியது. ஜெபஷீலா மெலிந்த, களைத்த பெண். தான் அனுப்பிய படத்தில் காய்த்த தோட்டங்களும் இருந்தன, அவற்றை வெட்டியெறிந்து ‘அழிந்தது பள்ளத்தாக்கு’ என்று எழுத்து ஓட்டியவர்கள் சென்னையில் இருப்பவர்கள் என்று அவள் விளக்க முயன்றாள். அதைக் கேட்க அங்கே பொறுமை இல்லை. பின்வரிசையில் ஒருவர் உலகம் சூடாவதைப் பற்றித் தொடங்க, முன்வரிசையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கர்ணன் மேசையைத் தட்டி அடக்கிவிட்டு, “தோட்டத்துக்காரியே சொல்லட்டும்” என்றார்.

பவுனு எழுந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டி வந்திருந்தாள். கருவியின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கை முந்தானையைத் திருகத் தொடங்கியது. “என் பேரு பவுனு. எங்க தோட்டத்துல பழம் அழுகுனது மழையால இல்ல. நாந்தான்…” என்று தொடங்கி, கூட்டத்தில் அண்ணனைத் தேடினாள். எந்த மருந்து என்று தாம் இன்னும் சொல்லித்தரவில்லை என்பது செல்லப்பாண்டிக்கு நினைவு வந்தது. அவள் கண்கள் அதைத்தான் கேட்டன.

“பவுனு, நீ உக்காரு தாயி” என்று அவர் எழுந்தார்.

கர்ணன் முறைத்தார். செல்லப்பாண்டி அவரைப் பார்க்கவில்லை. நிருபரைப் பார்த்துப் பேசினார்.

“அவ மருந்தடிச்சா. நாந்தான் டிரம்மு பிடிச்சேன். எங்க வெட்டுல முந்துற முறை என்னோடது. நான் பின்னால போனேன், அவ முன்னால போனா. முறைப்படி பாத்தா அந்த மழை என் தோட்டத்துல பெஞ்சிருக்கணும். என் பங்கு மழையவும் சேத்து வாங்கிக்கிட்டு நிக்கிறா. அவளப் போயிப் பொய் சொல்லச் சொன்னா, அந்தக் காய நான் எப்படிம்மா விப்பேன்?”

கர்ணன் குரலைத் தாழ்த்தி, “ஒம்ம யாவாரத்த நீரே கெடுக்கிறீரு” என்றார். ஆனால் அந்தக் குரலில் முன்னிருந்த உரம் இல்லை.

“கெடட்டும்” என்றார் செல்லப்பாண்டி. பிறகு ஜெபஷீலாவிடம், “வாம்மா. வரப்புல நின்னு எடு. அவ பந்தல்ல தொடங்கி எம் பந்தல்ல முடி. நடுவுல மட்டும் நிறுத்திராத” என்றார்.

அவள் அப்படியே செய்தாள். கிணற்றுமேட்டில் நின்று, அழுகிய குலைகளிலிருந்து மெல்லத் திரும்பி, வரப்பைக் கடந்து, செல்லப்பாண்டி நின்றிருந்த, காய்த்துத் தொங்கும் பந்தலில் வந்து நிறுத்தினாள். அன்று மாலை அது ஒளிபரப்பாயிற்று. சோப்பு விளம்பரத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட அதற்கு ஒதுக்கப்படவில்லை. எனினும் இரண்டு பந்தல்களும் வெட்டுப்படாமல் வந்தன. அண்ணன் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பவுனு, “எங்க தோட்டத்த விட ஒங்க மீசையத்தாண்ணே நல்லாக் காட்டுறாக” என்றாள்.

மறுநாள் வர்கீஸ் அழைத்தார். வாங்குவதாகச் சொல்லவில்லை, நேரில் வந்து கண்ணால் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். பார்க்கட்டும், இரண்டையும் பார்க்கட்டும் என்றார் செல்லப்பாண்டி.

பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு தங்கையின் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். இருவரும் எதிரெதிர் வரிசையில் அழுகிய குலைகளை வெட்டினார்கள். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் தாமே முந்தி வெட்டிக்கொள்வதாகவும், வருகிற மழையெல்லாம் தம் தோட்டத்துக்கே வரட்டும் என்றும் அவர் சொன்னார்.

“மழை எங்கன பெய்யும்னு டிவிக்காரகளுக்கே தெரியல. ஒங்களுக்குத் தெரியுமாக்கும்?” என்றாள் பவுனு, வெட்டுவதை நிறுத்தாமல். “அடுத்த முறை என்னோடது. நான்தான் முந்துவேன். கூடைய இங்கிட்டுத் தள்ளுங்கண்ணே.”

அவர் கூடையைத் தள்ளினார்.