நாறாத தொட்டி

தாராவியில் சாயிரா தோல் கிடங்குக்கு யாரும் விலாசம் கேட்க வேண்டியதில்லை. மூக்கைத் திறந்துகொண்டு வந்தால் போதும். சாயிரா நான்தான், முதலாளி. ஆட்டுத் தோலில் மயிரைக் கழற்ற நாங்கள் சுண்ணாம்போடு போடும் சல்பைடு, அழுகின முட்டை மாதிரி நாறும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போனதில் வந்தது வினை. மாசு வாரிய அதிகாரி இரண்டு தடவை பாட்டிலில் பிடித்துப் போனார். மூன்றாவது தடவையும் சல்பைடு இருந்தால் கதவுக்கு சீல் என்று நோட்டீஸ் ஒட்டினார். வெள்ளிக்கிழமை வருவதாக நாளும் குறித்துவிட்டார், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

செம்பூரில் தோல் மருந்து விற்கும் மாலதியிடம் ஓடினேன். என்சைம் என்று ஒரு மாவைக் கொடுத்தாள்.

"வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ஊற விடுங்கோ. மறுநாள் மத்தியானத்துக்குள்ள முடி வேரோட வழிஞ்சு வந்துடும். நாத்தமே இருக்காது. சல்பைடு மட்டும் ஒரு பொட்டு கலக்கப்படாது."

எங்கள் கிடங்கில் மயிர் எடுக்கும் வேலை முப்பது வருஷமாகக் கரீம் பாட்சா காக்காவுடையது. மேலப்பாளையத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். தொட்டிப் பக்கம் நின்று ஒரு மூச்சு இழுப்பார். "ஆயிட்டு" என்றால் ஆகிவிட்டது. மணி பார்த்ததே கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் மாவைக் கரைக்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, பச்சப்புள்ளைக்குக் கஞ்சியா தங்கச்சி? நாறலேன்னா மயிரு எப்படிப் போவும்?"

"மயிரக் கட்டி மலைய இழுக்கோம் காக்கா. பேசாம இருங்க."

"வந்தா மலை, போனா மயிருன்னுவாங்க. இங்க மயிரே போவாது போலிருக்கே!"

வெள்ளி காலையில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் தொட்டிக்குள் கையை விட்டார், முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார். "வாசமே இல்ல."

அவர் ஜும்மாவுக்குப் போனதும் நானே குனிந்து முகர்ந்தேன். சத்தியமாக, கஞ்சி வாசம்தான். மயிரை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கிடங்கில் யாருக்கும் தோன்றாது. இங்கே மூக்குதான் மேஸ்திரி. மூலையில் மிச்சமிருந்த சல்பைடு பாக்கெட்டைப் பிரித்தேன். இரண்டு பிடிதானே, பாட்டிலுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நினைப்பு. புத்தி போகிற போக்கைப் பாருங்கள்!

"போட்ராதீங்க!" தொழுகை முடிந்து வந்த பாட்சா காக்கா பாய்ந்து பாக்கெட்டைப் பிடுங்கினார். "மயிரு காலையிலயே கழண்டு வந்துட்டு தங்கச்சி."

ஒரு தோலைத் தூக்கிக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். மயிர் கம்பளி மாதிரிச் சுருண்டு விழுந்தது.

"அடப்பாவி மனுசா! பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்கு என்ன வேல? மாவு கரைக்க மூக்கு எதுக்கு? மணியப் பாத்து எவனும் எடுத்துப் போட்டுருவான்லா."

திட்ட நேரமில்லை, அதிகாரி வந்துவிட்டார். வாசலில் நின்று காற்றை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"காம் பந்த் ஹை க்யா?" என்றார். வேலையை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரைக் காட்டி ஏமாற்றுகிறோமாம். எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. பையிலிருந்து அரக்கையும் நூலையும் எடுத்துவிட்டார்.

பாட்சா காக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தோலை அதிகாரியிடம் நீட்டினார். "ஹாத் லகாவ் சாப்."

அதிகாரி தயங்கி விரலை வைத்தார். மயிர் கொத்தாக அவர் கையோடு வந்து வாட்ச்சில் சுற்றிக்கொண்டது. சல்பைடு இருந்தால் கறுக்கும் சோதனைத் தாளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார், கறுக்கவில்லை. நோட்டீஸை அவரே கிழித்துக்கொண்டு போனார்.

நான் இடுப்பில் கை வைத்தேன். "எத்தன பேரு சோத்துல மண்ணப் போடப் பாத்தீங்க காக்கா! மூக்குக்கு வேல போச்சு, சரி. வெரலுக்குமா போச்சு? நாளைக்கு வரலேன்னா வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வருவேன்."

"வாரேன்" என்று தொப்பியைக் கழற்றி உதறினார். "ஆனா நான் வாயத்தான் மூடினேன். பாக்கெட்டப் பிரிச்சது நீங்க."

அவருக்கு டீ வாங்க நானே கிளம்பினேன்.