மூன்றாம் சன்னலின் யூதாஸ்

காரைக்கால்மேட்டுக்குப் போகும் சாலையில் இருக்கும் மாதா கோயிலுக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல் மூன்று செய்து தர வேண்டும் என்று பங்குச்சாமியார் கேட்டதும் சுகிர்தா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். நெடுங்காட்டில் நெல் விளைக்கும் குடும்பத்துப் பெண் அவள். புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்து, அப்பாவின் வைக்கோல் கொட்டகையில் சொந்தமாகச் சூளை வைத்திருந்தாள். அதுவரை லாட்ஜ் வாசலுக்கு மயில், கல்யாண மண்டபத்துக்குத் தாமரை என்றுதான் வேலை வந்துகொண்டிருந்தது. கோயில் வேலை இதுதான் முதல்.

செலவை ஏற்றிருந்தவர் எத்தியேன் சவரிநாதன். அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சொல்தா என்னும் சிப்பாயாகச் சேர்ந்து, ஓய்வுபெற்றுப் பாரீஸ் பக்கம் இருப்பவர். சுகிர்தா அவரைப் பார்த்ததில்லை. அவர் விருப்பங்கள் எல்லாம் சாமியாரின் செல்போன் வழியாகத்தான் வந்தன.

சாரத்தில் ஏறி அளவெடுத்த நாட்களில் ஞானாதிக்கம் என்பவர் கூட இருந்து உதவினார். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். அறுபதை நெருங்கும் வயது, நரைத்த தாடி, புருவத்தை மறைக்கும் தடித்த சட்டத்து மூக்குக்கண்ணாடி. அட்டையில் வெட்டிய அளவுகளை மேலே பிடித்துக்கொள்வார். அவள் இறங்கும்போதெல்லாம் ஏணியின் காலை மிதித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அவர் மனைவி அமலோற்பவம் வாழையிலையில் சுற்றிய புட்டு கொண்டுவந்து கொடுத்தாள். இந்தச் சன்னலெல்லாம் யார் உபயம் என்று சுகிர்தா பேச்சுவாக்கில் சொன்னபோது ஞானாதிக்கம் கேட்டுக்கொண்டு ஏணியை நகர்த்தப் போனார்.

முதல் சன்னலில் மாதா, இரண்டாவதில் கடல்மேல் நடக்கும் இராயப்பர் என்கிற பேதுரு, மூன்றாவதில் இயேசுவின் கடைசி இராப்போஜனம். சீடர்களின் முகங்களுக்குப் பங்கின் முன்னோர்களையே மாதிரியாக வைக்கலாம் என்று சாமியார் பழைய புகைப்படங்களைக் கொடுத்தார். இராயப்பருக்கு எத்தியேன் ஐயாவின் முகமே. அதைக் கேட்டுச் சுகிர்தா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். யூதாசுக்கு ஒரு கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த இளைஞனின் முகம். யார் என்று கேட்டதற்கு, அந்தக் காலத்து ஆள் என்றார் சாமியார். கண்ணில் கள்ளத்தனம் தெரிய வேண்டும், பணப்பை பெரிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

அவள் அப்படியே செய்தாள். வெள்ளந்தியான அந்த முகத்தின் விழிகளை ஓரத்துக்குத் தள்ளினாள். கீழுதட்டைக் கொஞ்சம் தொங்கவிட்டாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்திருந்த தழும்பை மட்டும் அழகுக்காக விட்டுவைத்தாள். மூன்று தடவை தீட்டி மூன்று தடவை சூளையில் சுட்டாள். தான் தீட்டியதிலேயே இதுதான் உயிருள்ள முகம் என்று, சன்னலைக் கோத்து முடித்ததும் முழுதாகப் படமெடுத்துத் தோழிகளுக்கும் சாமியாருக்கும் அனுப்பினாள்.

சன்னலைப் பொருத்திப் பார்க்கக் கொண்டுபோன காலையில் ஞானாதிக்கமும் வந்து கைகொடுத்தார். சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே நிறுத்தினார்கள். வியர்வை வழிந்ததால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகிர்தா யதேச்சையாகத் திரும்பினாள். யூதாசின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, அதே புருவம், அதே தழும்பு.

அவரும் பார்த்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க கல்யாணத்துல புடிச்ச படம்மா. எங்கண்ணன் பக்கத்துல நிக்கும்" என்றார்.

எந்த அண்ணன் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை; சன்னல்களுக்குப் பணம் கொடுத்த எத்தியேன்தான். அவர் சட்டத்தைப் பதமாகச் சுவரில் சாய்த்துவைத்தார். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

சுகிர்தா நேரே சாமியார் வீட்டுக்குப் போனாள். அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"யாரு மூஞ்சின்னு உங்களுக்குத் தெரியுமா சாமி?"

"எத்தியேன் ஐயா ஆசைப்பட்டாரும்மா. யூதாசுக்கும் ஏதாவது ஒரு மூஞ்சி வேணும்ல."

"ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்கு வர்ற மனுஷன் சாமி அவரு."

"வரட்டுமே. அம்மா உயிரோட இருக்கையில வீட்டை விக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அண்ணனை எதுத்து நின்ன ஆளுதான். கொஞ்சம் உறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். சாறு புறங்கையில் வழிந்தது. ஓடுகள் தட்டோரம் குவிந்திருந்தன.

அவள் வாசலுக்கு வந்தாள். வேலியோரம் நின்று தன் விரல்களைப் பார்த்தாள். சாமியாரை நினைத்து வந்த அருவருப்பைவிடத் தன் கையை நினைத்து வந்ததுதான் அதிகம். ஒரு நல்ல மனுஷனின் கண்ணைக் கள்ளக் கண்ணாக ஆக்கியது அந்தக் கைதானே. அதற்காகப் பாராட்டும் வாங்கிக்கொண்டதே.

அன்றைக்கே சன்னலைக் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப்பட்டியை நெம்பி அந்த முகத்தை மட்டும் வெளியே எடுத்துச் சுத்தியலால் மாவாக நொறுக்கினாள். புதிதாக ஒரு தலை தீட்டினாள். மேசையைவிட்டு எழுந்து போகிற யூதாஸ், முதுகு காட்டியபடி. வெறும் முடியும் ஒரு காதும்தான். இதுதான் தன்னால் முடியும் என்று சாமியாரிடம் சொல்லி அனுப்பினாள்.

எத்தியேன் சம்மதிக்கவில்லை. ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது சன்னலில் வெறும் கண்ணாடியை மாட்டி, அச்சடித்த ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டினார்கள். சாமியாரின் செல்போனில் இருந்த அவளுடைய பழைய படத்தையே பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். ஓரங்களில் காற்றுக் குமிழிகள். சாமியார் தீர்த்தம் தெளித்துச் சன்னல்களை மந்திரித்த அன்று ஊரே அண்ணாந்து பார்த்தது. பார்த்தவர்கள் திரும்பி ஞானாதிக்கத்தைப் பார்த்தார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள். அவர் பூசை முடியும்வரை முழந்தாளில் இருந்துவிட்டுப் போனார். மறுவாரம் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அமலோற்பவம் சுகிர்தாவுக்குப் போன் செய்தாள்.

"அந்த ஸ்டிக்கரு எதைப் போட்டா உரியும்மா?"

வெந்நீரும் சோப்பும் பிளேடும் போதும் என்று சொல்லத் தொடங்கிய சுகிர்தா, பாதியில் நிறுத்தினாள். "இருங்கக்கா, நானே வர்றேன்" என்றாள்.

இருவரும் கோயிலுக்குள் ஏணியைச் சாய்த்தார்கள். மணியடிக்கும் கோயில்பிள்ளை பார்த்துவிட்டுச் சாமியார் வீட்டுப் பக்கம் ஓடினார். சுகிர்தா முதலில் ஏறி, பிளேடைப் படுக்கவைத்து முகத்தைச் சுற்றிக் கீறிவிட்டு இறங்கினாள். அமலோற்பவம் மேலே ஏறி, நுனியைப் பிடித்து இழுத்தாள். தோல்போல நீண்டு வந்ததைச் சுகிர்தா கீழே கைநீட்டி வாங்கிச் சுருட்டினாள். பசையின் புளித்த வாடை முகத்தில் அடித்தது.

சாமியார் மூச்சிரைக்க வந்து நின்றார். கோயில் சொத்தைச் சேதப்படுத்துவது போலீஸ் கேஸ் ஆகும் என்றார்.

அமலோற்பவம் ஏணியிலிருந்தே பேசினாள். "போலீசுல சொல்லுங்க சாமி. இது யாரு மூஞ்சின்னு அவங்க கேட்பாங்கள்ல, நானே சாட்சி சொல்றேன். ஒட்டச் சொன்னது யாருன்னும் சொல்றேன்."

அவர் சுகிர்தாவைப் பார்த்தார். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அங்கியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். போலீஸ் வரவில்லை. புது ஸ்டிக்கரும் வரவில்லை. முகமில்லாத யூதாஸ்தான் இன்றைக்கும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ஞானாதிக்கம் இப்போது டவுன் கோயிலுக்குப் போகிறார். இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

ஸ்டிக்கரை உரித்த அன்று வீட்டுக்கு வந்து சுகிர்தா மண்ணெண்ணெய் விட்டுக் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டாள், புளி வைத்துத் தேய்த்தாள். சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபோது விரலிடுக்கில் அந்தப் பசை இன்னும் பிசுபிசுத்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.