வெள்ளிக்கிழமைச் சோறு எங்கே போனது?

எங்கப்பா கம்யூனிஸ்டாம்! சொன்னது பஞ்சலிங்கம் சார், ரிட்டயரான சரித்திர வாத்தியாரு. அந்த மனுசன் வாயில கொள்ளிய வைக்க!

பத்து காஜா டவுன் பக்கம் எங்க தாமான் குடியிருப்புல புதுசா ஒரு மண்டபம் கட்டியிருக்கோம். அதுக்கு எங்கப்பா பேர வைக்கணும்னு ரெண்டு வருசமா நாயா அலைஞ்சேன். எஸ்டேட்டுல ரப்பர் பால் மரம் வெட்டுன ஆளு, எழுபதுகள்ல சட்டமன்றம் வரைக்கும் போயி ஒய்.பி.ன்னு பேரெடுத்தவரு, பத்துமலை. செத்து இருபது வருசம் ஆச்சு, ஒரு சந்துக்குக்கூட அவரு பேரு இல்ல. வயிறு எரியுமா எரியாதா?

ஞாயித்துக்கிழமை அந்த மண்டபத்துலயே பேரு வைக்கிற மீட்டிங். முன்வரிசையில எங்கம்மா ராக்காயி. பஞ்சலிங்கம் சார் ஃபைலோட எந்திரிச்சாரு.

"ஒய்.பி. வெள்ளிக்கு வெள்ளி எஸ்டேட் எல்லைக்குச் சைக்கிள்ல சோத்துப் பொட்டலம் கொண்டு போனவர். நாலு பேர் பாத்திருக்கினம். எல்லைக்கு அங்கால காடு. அந்தக் காலத்தில காட்டுக்குள்ள ஆர் இருந்தவை? துவக்கு வச்ச கம்யூனிஸ்ட்காரர்."

"பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தாங்களா சார்?" நான் கேட்டேன்.

"சார்டின் மீன் பெரட்டல். மணம் வந்ததாம்."

எனக்கு வந்துச்சே கோவம்! "பச்சைப் பொய்! வெள்ளிக்கிழமை எங்கப்பா சுத்த சைவம்லா! அன்னிக்கு எங்க வீட்டு அடுப்புல கருவாடுகூட ஏறாது!"

"அப்ப அது அவர் சாப்பிடக் கொண்டு போனதில்லை எண்டு நீங்களே சொல்லுறியள். நன்றி." குனிஞ்சு எழுதிக்கிட்டாரு. எனக்கு நானே குழி தோண்டிட்டேன்.

அப்பதான் பின்னால இருந்து பழைய எஸ்டேட்டு நல்லம்மாக்கா மெல்ல எந்திரிச்சாங்க. "காட்டுக்கெல்லாம் போகல சார். எல்லையில கடைசி லயத்து வீடு என்னோடது..."

பக்கத்துல அவங்க மகன், அம்பது வயசு. அந்த மூக்கப் பாத்தேன். ஐயோ, எங்கப்பா மூக்கு! எங்கம்மா காதுல இது விழக் கூடாது. பேரு கெடக்கட்டும், மண்டபம் கெடக்கட்டும்.

"சார் சொல்றது சரி!" நான் கத்துனேன். "எங்கப்பா கம்யூனிஸ்ட்தான்! தொப்பியில நட்சத்திரம், தோள்ல துப்பாக்கி, நானே பாத்தேன்!"

பஞ்சலிங்கம் சார் பதறிட்டாரு. "துவக்கு என்ர ஃபைல்ல இல்லையே!"

"உக்காருடி கலா." எங்கம்மா எந்திரிச்சாங்க. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தச் சோத்த ஆக்குனதே நான்தான். வெள்ளிக்கிழமை அடுப்புல மீன் ஏத்தக் கூடாதுன்னு கொல்லையில மூணு கல்லு வச்சு ஆக்குவேன். இந்த நல்லம்மாவுக்கு அப்ப கைக்குழந்தை. வேலைக்கும் போக முடியாது. அந்தாளு மீட்டிங்கு மீட்டிங்குன்னு ஊரச் சுத்துனாரு. பச்ச உடம்புக்காரி பட்டினி கெடக்கலாமா?"

எனக்குக் கண்ணு பொங்கிருச்சு.

"பொட்டலத்த எடுத்துக்கிட்டு சைக்கிள் மிதிச்சதுக்கு அந்தாளு பேரா? ஆக்குனவ நான். என் பேர வைங்க."

மொதல்ல கை தூக்குனது நல்லம்மாக்கா.